பார்க்காமல் புள்ளடி போடாதவர்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன முதல் வாரத்திலேயே, நான் அக்கா என்று கூப்பிடும் என் ஆசிரியை என்னை ஒரு தெருவைச் சோதித்துப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். சட்டன் ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. இருபுறமும் ஒரே மாதிரி செங்கல் வீடுகள். "இடப்பக்கம் திரும்பும். மெதுவா. இஞ்ச ஓரமா நிப்பாட்டும்" என்றார். நிறுத்தினேன். சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசியது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். அதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கி நடுத்தெருவில் நின்றார்.

கையில் ஒரு தேர்தல் நோட்டீஸ். கவுன்சில் தேர்தல் நெருங்கிய நேரம் அது. எல்லார் வீட்டு வாசலிலும் விழுந்து கிடந்த அதே வழவழப்பான காகிதம்தான். அதில் ஒரு கவுன்சிலர், புதிதாகத் தார் போட்ட சாலையைக் கையால் காட்டியபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

"இந்த ரோட்டைத் திருத்திப்போட்டாராம். படத்தில அவருக்குப் பின்னால ஒரு பச்சைக் கதவு தெரியுது. அது எந்த வீடு எண்டு பாரும்."

இருவரும் தேடினோம். பச்சைக் கதவு தெருவின் பாதியில் இருந்தது. அதற்கு முன்னால் தார் கறுப்பாக, மினுமினுப்பாக இருந்தது. கொஞ்சம் தள்ளிப் போனால் இரண்டு பக்கமும் பழைய குழிகள் மழைத் தண்ணீரோடு அப்படியே கிடந்தன.

நான் சிரித்துவிட்டேன். "பொய் சொல்லிட்டாருக்கா."

"அப்பிடிச் சொல்லேலாது. படத்தில இருக்கிற இடம் சரிதானே. மிச்சத்தை ஏன் விட்டவர் எண்டு அவரைத்தான் கேக்க வேணும்" என்றார். கேட்கவும் செய்தார். அடுத்த வாரப் பாடத்தில் பதிலும் வந்தது. கீழே தண்ணீர்க் குழாய் மாற்றும் வேலை வரவிருக்கிறது, அதற்கு முன்னால் தார் போட்டால் வீண் என்று கவுன்சிலர் சொன்னாராம். அக்கா அதோடும் விடவில்லை. குழாய்க் கம்பெனிக்குப் போன் போட்டு, அது உண்மைதான் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஓய்ந்தார். குழியைக் கண்டதும் சிரித்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சட்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ்ப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். நரைத்த முடியைக் காதோடு வெட்டியிருப்பார். கோடையிலும் தடிமனான கார்டிகன் போட்டிருப்பார். புருஷன்மாரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு, பாதி வழியில் அழுதுகொண்டே வீடு திரும்பிய பெண்கள்தான் பெரும்பாலும் அவரிடம் வந்து சேர்வார்கள். நானும் அப்படி வந்தவள்தான். மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. காலை ஷிப்டுக்கு முதல் பஸ்ஸை நம்பிப் பலமுறை ஏமாந்து, கடைசியில் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

திருநெல்வேலியில் பிறந்த என்னை அவர் "நீர்" என்று கூப்பிட்டது முதலில் வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் அது கோபத்திலோ கேலியிலோ வரும் சொல். அவர் வாயில் அது நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் நடுவில், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது.

எனக்கு இந்த நாட்டில் வாக்கு உண்டு என்பதையே அவர்தான் சொன்னார். அந்தக் குழித் தெருவிலிருந்து திரும்பும்போது, "நீர் ஆருக்குப் போடுறதாக இருக்கிறீர்?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படிக்கா ஓட்டு? என்கிட்ட இந்தியன் பாஸ்போர்ட்தானே இருக்கு."

"உமக்கும் இருக்கு. காமன்வெல்த் நாட்டு ஆக்கள் இஞ்ச முறையா இருந்தா வோட்டுப் போடலாம். நீர் பதியேல்லை, அவ்வளவுதான்."

பதிந்தேன். அதன் பிறகு எங்கள் பாடங்களின் பாதை மாறியது. முச்சந்தியில் திரும்பப் பழகுவது ஒரு வேட்பாளர் பாதுகாத்ததாகச் சொன்ன நூலகத்தின் பக்கத்தில். பின்னோக்கி எடுத்து நிறுத்தப் பழகுவது இன்னொருவர் காப்பாற்றுவேன் என்று சொன்ன நீச்சல் குளத்தின் கார் பார்க்கில். நூலகத்துக்குள் போய் எந்தெந்த நாள் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருப்பேன்.

வாக்குச்சீட்டில் போடும் பெருக்கல் குறியை அவர் புள்ளடி என்பார். அவர்கள் ஊர்ச் சொல். "ஆளைப் பாக்காமப் புள்ளடி போடுறது எனக்கு ஏலாது" என்பார். பார்ப்பது என்றால் அவருக்கு நிஜமாகவே கண்ணால் பார்ப்பதுதான். வாசித்தது போதாது. பிறர் சொன்னது போதவே போதாது.

அந்தத் தேர்தலில் எங்கள் வார்டில் ஒரு தமிழரும் நின்றார். கோயிலில், கடையில், கல்யாண வீட்டில் எல்லாரும் அவருக்குத்தான் என்று பேச்சு. அக்காவிடமும் வந்து சொன்னார்கள். "எங்கட ஆள், யோசிக்க என்ன இருக்கு?" அக்கா அவர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். வடையும் தேநீரும் கொடுத்து உபசரித்தார்களாம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் ஒடுங்கிய சாலையில் காலையில் கார்கள் குறுக்கும் நெடுக்கும் நிற்பதைப் பற்றி என்ன செய்வீர்கள் என்று அக்கா கேட்டாராம். அவருக்கு அந்தச் சாலை எது என்றே தெரியவில்லை.

"அப்போ அவருக்குப் போட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அப்பிடியெண்டு ஆர் சொன்னது? அடுத்த நாள் காலமை அவர் அந்த ரோட்டில நிண்டவர். நான் பாடம் எடுத்துக்கொண்டு போகேக்கக் கண்டனான். மழையில குடையும் இல்லாம நிண்டு கார்களை எண்ணிக்கொண்டிருந்தவர்."

"அப்போ போடுவீங்க?"

கையைக் காட்டி அடுத்த திருப்பத்தை எடுக்கச் சொன்னார். அதுதான் அவர். கண்டதை எல்லாம் சொல்வார், யாருக்குப் போட்டார் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார். வாக்களித்துவிட்டு வெளியே வந்து, எதிர்க் கடையில் காபி குடித்தபோதுகூடக் கேட்டுப் பார்த்தேன். கப்பை ஊதிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மாணவிகளுக்கு இது சில நேரம் எரிச்சலைத் தரும். டிரைவிங் டெஸ்ட் எடுக்கும் அதிகாரிகளில் யார் நல்லவர், யார் மோசம் என்று எல்லாரும் கேட்பார்கள். கண்ணாடி போட்ட அந்த அம்மா எல்லாரையும் பெயிலாக்குகிறார் என்று எங்களுக்குள் ஒரு பயம். அக்கா எல்லா அதிகாரிகளையும் வருடக்கணக்காகப் பார்த்தவர். ஆனால் மோசம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாது. "கடுமைதான். ஆனா எல்லாருக்கும் ஒரே கடுமை. எனக்கு அது காணும்" என்பார், போதும் என்ற பொருளில். எனக்கு முதல் தடவை வந்தவர் அந்தக் கண்ணாடி அம்மாதான். பெயிலானேன். ரவுண்டானாவில் நான் செய்த தவறை அந்த அம்மா விளக்கியபோது அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஆறுதலாக ஒரு சொல் வரும் என்று பார்த்தேன். "அவ சொன்னது சரி" என்றார்.

ஆளைப் பார்க்க வேண்டும் என்ற இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு மழை நாளில்தான் தெரிந்தது. கண்ணாடியைத் தாண்டி ஒன்றும் தெரியாத மழை. "இப்ப ஓட்டுறது புத்தியில்லை" என்று ஓரமாக நிறுத்தச் சொன்னார். பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எதற்கோ நான் நீதிமன்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் தன் கதையைச் சொன்னார்.

இந்த நாட்டுக்கு வந்து அடைக்கலம் கேட்டபோது அவருடைய முதல் வழக்கை விசாரித்த நீதிபதி அவரை நம்பவில்லை. சொன்னதில் முன்னுக்குப் பின் முரண் இருக்கிறது என்று எழுதிவிட்டார். பிறகு வேறொரு நீதிபதி முன்னால் போய்த்தான் இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. அதற்குப் பல வருடங்கள் கழித்து, அப்படிப்பட்ட விசாரணைகளைப் பெரும்பாலும் யாரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அவருக்குத் தெரிய வந்தது. பாடம் இல்லாத ஒரு நாளில், அந்த முதல் நீதிபதி விசாரிக்கும் இடத்துக்குப் போனார்.

"எதுக்குக்கா போனீங்க?"

"அவரைப் பாக்க. எனக்கு முன்னால இருந்தபோது நான் அவரைப் பாக்கவே இல்லை. பயத்தில மேசையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அவர் நினைத்திருந்ததைவிட அந்த நீதிபதி சிறிய உருவம். சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறொரு நாட்டிலிருந்து வந்த இளைஞனின் வழக்கு. அக்காவைக் கேட்ட அதே கேள்வியை அவனையும் கேட்டாராம். இதை ஏன் முதல் தடவையே சொல்லவில்லை என்று.

"அண்டைக்கு எனக்கு அது நெஞ்சில குத்தின மாதிரி இருந்த கேள்வி. பின்னால இருந்து பாக்கேக்க அது வெறும் ஒரு கேள்வி. குரலை உயர்த்தேல்லை. அந்தப் பெடியன் அழுத போது எழுதுறதை நிப்பாட்டிப்போட்டுப் பேசாம இருந்தவர்."

"அப்போ அவர் நல்லவர்தானா?"

"எனக்குத் தெரியாது. ஆனா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவர். அதுதான் எனக்குக் கோவம், விளங்குதோ? காது குடுக்காத ஆள் எண்டு கண்டிருந்தா நான் நிம்மதியா வெறுத்துக்கொண்டு இருந்திருப்பன்."

மழை விட்டது. தேநீர்க் கப்பை என்னிடமிருந்து வாங்கித் துடைத்து வைத்தார். அவர் முகத்தில் கோபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு கணக்கு இன்னும் சரியாக வராத மாதிரி வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில்தான் அமெரிக்கக் கதை தொடங்கியது.

அக்காவின் ஒரே தங்கை அமெரிக்காவில், நடு மாநிலங்களில் ஒன்றில் நர்ஸாக இருந்தார். அங்கே தேர்தல் வந்தது. அங்கே சில மாநிலங்களில் நீதிபதிகள் பதவியில் தொடரலாமா என்று சில வருடங்களுக்கு ஒருமுறை மக்களையே கேட்பார்களாம். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான். தங்கைக்குத் தபாலில் வந்த வாக்குச்சீட்டில் நீதிபதிகள் மட்டுமே ஒரு பக்கத்துக்கு இருந்தார்கள். யாரையும் தெரியாது, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவரைத் தெரியாமல் இருக்க வழியில்லை. தங்கையின் மகன், கல்லூரியில் படிப்பவன், வேகமாகக் கார் ஓட்டி, தெருவைக் கடந்துகொண்டிருந்த ஒரு முதியவரை இடித்துவிட்டான். இடுப்பெலும்பு உடைந்தது. அந்த நீதிபதி அவனுடைய லைசென்ஸைப் பறித்ததோடு சில வாரங்கள் சிறையிலும் போட்டார். நன்றாகப் படிக்கிற பிள்ளை, முதல் தவறு, மன்னித்து விடலாம் என்று வக்கீல் கேட்டது எடுபடவில்லை. தண்டனை முடிந்து அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். தங்கைக்கு அது முடியவில்லை.

"உனக்குத்தானே உதில விசர், தேடிப் பாத்துச் சொல்லு" என்று தங்கை அக்காவிடம் கேட்டாராம். விசர் என்றால் அவர்கள் பேச்சில் பைத்தியம். "அந்தாளை மட்டும் பாக்க வேண்டாம். அவருக்கு என்ன போடுறது எண்டு எனக்குத் தெரியும்."

அக்கா எல்லாரையும் பார்த்தார். அந்தாளையும் பார்த்தார்.

அந்த ஊரில் சில நீதிமன்றங்களின் விசாரணையை இணையத்தில் நேரடியாகவே காட்டுகிறார்கள். அங்கே காலை என்றால் எங்களுக்குப் பிற்பகல். எனக்கு முந்திய பாடம் முடிந்து நான் போய்ச் சேரும் நேரத்தில், எஞ்சின் அணைந்த காருக்குள் அக்கா போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்தால் அமெரிக்க வக்கீல்களின் குரல் கேட்கும். "கொஞ்சம் பொறும், இது முடியட்டும்" என்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கொஞ்ச நாளில் எனக்கும் அது பிடித்துப்போனது. ஒரு பெண் நீதிபதி எல்லாரையும் பாதியில் வெட்டிப் பேசுவார், ஆனால் வெட்டியதற்கு மன்னிப்பும் கேட்பார். இன்னொருவர் வக்கீல் பேசும்போது வேறெதையோ வாசித்துக்கொண்டிருப்பார். அக்கா அவரைத் தொடர்ந்து கவனித்து, அவர் வாசிப்பது அந்த வழக்கின் காகிதங்களைத்தான் என்று கண்டுபிடித்தார். அதைச் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

ஒருநாள் அந்தாளையும் காட்டினார். வழுக்கைத் தலை. நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடி. ஆங்கிலம் தெரியாத ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். போனில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவரின் தொடர்பு அறுந்துவிட்டது. காத்திருப்போம் என்றார் நீதிபதி.

"பாரும், காத்திருக்கேக்க என்ன செய்யிறார் எண்டு பாரும்" என்றார் அக்கா.

நீதிபதி ஒன்றும் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் தன்னைப் பார்த்தபோது மட்டும் லேசாகத் தலையசைத்தார். தொடர்பு வருவதாக இல்லை. வழக்கை வேறு நாளுக்கு மாற்றி, அந்தப் பெண்ணுக்கு அது புரிந்ததா என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

"இதுல என்னக்கா தெரியுது?"

"இன்னும் ஒண்டும் தெரியேல்லை. தங்கச்சி சொல்லுறது, வெள்ளைக்காரப் பிள்ளையெண்டால் விட்டிருப்பான் எண்டு. அது உண்மையோ எண்டுதான் நான் தேடிக்கொண்டிருக்கிறன்."

தேடினார். வாரக்கணக்கில் தேடினார். பழைய தீர்ப்புகள், உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திகள், விசாரணைகள். டெஸ்டுக்கு மறுபடி தயாராகிக்கொண்டிருந்த எனக்கு அவர் கவனம் என் கிளட்சில் இல்லையே என்று கவலையாகக்கூட இருந்தது.

தங்கையின் போன் வந்தது ஒரு சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில். நான் இரண்டு கோடுகளுக்கு நடுவில் காரைப் புகுத்திக்கொண்டிருந்தேன். முழுதாக நிறுத்தியதும் அக்கா எடுத்தார். காரின் ஸ்பீக்கரில் வந்தது. "பாடத்தில நிக்கிறன், பேந்து எடுக்கட்டோ?" என்றார். தங்கை விடவில்லை. நான் இறங்கப்போனேன். வெளியே மழை. அக்கா கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார்.

"மற்றாக்களைப் பற்றி நீ அனுப்பினதெல்லாம் பாத்தன். சந்தோசம். அந்தாளைப் பற்றியும் ஏன் அனுப்பினனி? நான் கேக்கேல்லையே."

"பாத்தனான். அதால அனுப்பினன்."

"சரி. நீயே சொல்லு. வச்சிருக்கிறதோ, விடுறதோ?"

வழக்கம்போல் பேச்சை மாற்றுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டியரிங்கில் இருந்த என் கையைப் பார்த்தார்.

"வச்சிருக்கலாம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் தங்கை வெடித்தார். "என்ர பிள்ளைக்குக் கைவிலங்கு போட்டுக் கொண்டு போனவங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். நிறத்தைப் பாத்துத்தான் செய்தவன். உனக்கென்ன தெரியும்?"

"அதைத்தான் முதல்ல தேடினனான். அது இருந்திருந்தா நானே வேண்டாம் எண்டிருப்பன். அந்த ஊர் முதலாளி ஒருத்தற்ர பிள்ளை, வெள்ளைக்காரப் பிள்ளை, இதே மாதிரி இடிச்சவன். பெரிய வக்கீல் வந்தவர். அவனுக்கும் இதே தண்டனைதான்."

"அது எனக்கு ஆறுதலோ?"

"இல்லை" என்றார் அக்கா. பிறகு கேட்டார். "அந்தக் கிழவர் இப்ப நடக்கிறாரோ?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதை இப்போது கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அவர் குத்துவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

"நீ எனக்கு அக்காவோ, இல்லாட்டி அந்தாளுக்கு வக்கீலோ?" என்றார் தங்கை. லைன் அறுந்தது.

அக்கா போனை எடுத்துப் பைக்குள் வைத்தார். "எடும், போவம்" என்றார். கார் பார்க் வாசலில் வலப்பக்கம் திரும்பச் சொன்னார். அது ஒருவழிப் பாதையின் தப்பான முனை. நான்தான் பிரேக் போட்டேன். அவர் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் தொடவேயில்லை.

அன்று எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தங்கை கேட்டது சட்டம் அல்ல, பக்கத்தில் நிற்க ஒரு ஆள். அடுத்த பாடத்தில் அதைக் கேட்டும்விட்டேன்.

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமேக்கா. ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும் அப்படித்தானே நழுவுறீங்க?"

"மற்ற ஆக்கள் நான் ஆருக்குப் போடுறன் எண்டு கேக்கினம். அது அவைக்குத் தேவையில்லாத விசயம். இவள் என்ன போடுறது எண்டு கேட்டவள். எனக்குத் தெரிஞ்சதைத் தெரியாது எண்டு சொல்லுறதோ?"

"அதனால என்ன ஆயிடப்போகுது? அங்க ஒரு ஓட்டு."

"ஓம், ஒரு வோட்டுத்தான்" என்றார். அவ்வளவுதான்.

தங்கை போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். தீபாவளிக்கு அக்கா கூப்பிட்டபோது மணி அடித்து ஓய்ந்தது. தேர்தல் முடிந்த மறுநாள், என் பாடத்துக்கு நடுவில் நிறுத்தச் சொல்லி முடிவைப் பார்த்தார். "வச்சிருக்கினம்" என்றார். அவர் பக்கம் வென்றது என்று சொல்வதற்கில்லை. முகம் சாப்பாட்டை மறந்த மாதிரி இருந்தது. அந்த மாதங்களில் அவர் மெலிந்துதான் போனார். பாடத்துக்கு நடுவில் போன் மணி அடித்தால், யார் என்று பார்க்கும் முன்பே கார்டிகனை இழுத்துச் சரிசெய்துகொள்வார்.

குளிர் முடிவதற்குள் நான் டெஸ்டில் தேறினேன். சின்னதாக ஒரு பழைய கார் வாங்கினோம். வெயில் தலைகாட்டத் தொடங்கியபோது ஒருநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஈஸ்ட் ஹாமில் அவர்கள் மாமா மகளுக்குக் கல்யாணம், தங்கை வருகிறாள், விமான நிலையத்துக்கு யாரும் போகவில்லை என்றால் டாக்ஸி பிடித்து நேரே ஈஸ்ட் ஹாமுக்கே போய்விடுவாள் என்றார்.

"நீர் ஓட்டுறீரோ? எனக்கு அண்டைக்குக் கை சரியா இருக்காது" என்றார்.

ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்!

காலை விமானம். தங்கை வெளியே வந்தபோது அடையாளம் காட்டத் தேவையிருக்கவில்லை. அதே நெற்றி, அதே நடை. எங்களைக் கண்டதும் நின்றார். அக்கா பெட்டியை வாங்கக் கையை நீட்டினார். தங்கை கொடுக்காமல் தானே தள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் வந்தார். என்னிடம் மட்டும், "நீங்கள்தானே அண்டைக்குக் காருக்குள்ள இருந்தது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்கா முன்சீட்டில். தங்கை பின்சீட்டில். எம்25 சாலைக்கு வந்து சேரும் வரைக்கும் பயணம் எப்படி இருந்தது, சாப்பாடு கொடுத்தார்களா என்று நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். லாரிகளுக்கு நடுவில் லேனைப் பார்க்கவே எனக்குச் சரியாக இருந்தது. அதனால் நானும் பேச்சை நிறுத்திவிட்டேன். அப்போதுதான் தங்கை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தாளுக்கு நான் ஒண்டும் போடேல்லை. ரெண்டு கட்டத்தையும் வெறுமனே விட்டன்."

அக்கா திரும்பவில்லை. "ஏன்?" என்றார்.

அந்தக் குரலில் வெற்றி இருந்திருந்தால் தங்கை மறுபடி மூடிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அதில் ஒன்றும் இல்லை. குழியைக் கண்டபோதும், நீதிபதி காத்திருந்தபோதும் கேட்ட அதே குரல்தான்.

"நீ சொன்னதால இல்லை."

"ஓம்."

"இல்லை எண்டு போடத்தான் பேனையை எடுத்தனான். மகன் பக்கத்தில இருந்தவன். அம்மா, அவர் என்ர பேரைச் சரியாச் சொன்னவர் எண்டான். பள்ளிக்கூடத்தில இருந்து ஒருத்தரும் அவன்ர பேரை முழுசாச் சொன்னதில்லை. எல்லாரும் வெட்டித்தான் கூப்பிடுறது. எங்கட வக்கீலே பிழையாத்தான் சொன்னவர். அந்தாள் தீர்ப்புச் சொல்ல முன்னம் அவனிட்டையே எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டு, வாய்க்குள்ள சொல்லிப் பாத்துப்போட்டுத்தான் சொன்னவராம். நான் அதைக் கேக்கவேயில்லை. எனக்கு விலங்கு மட்டும்தான் தெரிஞ்சது."

அக்கா இப்போதுதான் திரும்பினார். "முழுப் பேரையுமோ?"

"முழுப் பேரையும்."

"ழகரத்தோடயோ?"

தங்கை பதில் சொல்ல வாயைத் திறந்தார். சிரிப்பா அழுகையா என்று கண்ணாடியில் எனக்குப் பிடிபடவில்லை. "உனக்கு இதுதான் கேள்வியோ?" என்றார். அதிலிருந்து ஆரம்பித்தது. நீ ஒரு மனுசியோ, பிள்ளை உள்ளே இருக்கும்போது ஒரு நாளாவது அவனுக்கு என்ன சாப்பாடு என்று கேட்டாயா, தீபாவளிக்கு ஒரு தரம் மணி அடித்துவிட்டு விட்டுவிட்டாயே, இன்னொரு தரம் அடித்தால் விரல் தேய்ந்துவிடுமா, அம்மா செத்தபோதும் நீ டாக்டரைத்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாய் என்று, அத்தனை மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். அந்தக் கிழவர் தடியை ஊன்றி நடக்கிறார், மகன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான் என்பதும் அந்தத் திட்டுக்கு நடுவில்தான் வந்தது.

அக்கா ஒரு சொல்லும் மறுக்கவில்லை. சீட் பெல்ட்டைக் கையால் நெகிழ்த்திப் பிடித்துக்கொண்டு, உடம்பை முழுதாகப் பின்பக்கம் திருப்பி, தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் தவறான லேனில் போய், ஒரு வெளிவழியைத் தவறவிட்டு, வெகுதூரம் சுற்றிக்கொண்டு வந்தேன். அவர் கவனிக்கவேயில்லை. சட்டன் வந்து சேரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.